வெயில் பக்கத்து யன்னல்

இரத்மலானை விமான நிலையத்தில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றுவார்கள் என்று எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகன் வீட்டில் காலையில் தின்ற இடியப்பத்தில் நாலைக் குறைத்திருப்பேன். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, கைப்பையோடு என்னை ஏற்றினார்கள். எழுபத்தெட்டுக் கிலோ. அடுத்தது என் கணவர். ஐம்பத்துமூன்று. தராசடியில் நின்ற உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மரியாதையான பிள்ளை, சிரிக்கவில்லை.

"சின்ன பிளேன் அம்மா, பன்னிரண்டு பேர்தான். பாரத்தைப் பார்த்துத்தான் இடம் தருவம்," என்றார்.

"எனக்கு இடப்பக்கம் யன்னல் வேணும்," என்றார் இவர்.

"ஐயாவுக்கு இடப்பக்கம் சரி. அம்மா வலப்பக்கம்."

இவருடைய முகத்தில் வந்த சந்தோசத்தை நான் என் கலியாணத்தன்றும் காணவில்லை. யன்னல் இருக்கைக்கு இந்த மனுசன் ஏன் இப்படித் துடித்தார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் விமானத்தில் ஏறவேண்டும்.

எங்களுக்கு ஊர் உருத்திரபுரம். கிளிநொச்சிப் பட்டணத்துக்கு வடமேற்கே, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற ஊர். மாரியில் காலபோகத்துக்கு எல்லோரும் முழுக்க விதைப்பார்கள். கோடையில் சிறுபோகத்துக்குக் குளத்தில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, பங்கு போடுவார்கள். இந்த வருசம் மூன்று ஏக்கர்க்காரருக்கு ஒரு ஏக்கர். அதற்கு மேல் விதைத்தால் களவு. எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது, ஆகவே மேலே இருக்கிறவர்கள் எடுத்து மிஞ்சினால்தான் எங்களுக்கு. முறைவைத்துத் திறக்கிற தண்ணீர் இரண்டு தரம் எங்கள் வரம்புக்கு வந்து சேரவில்லை. பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது, கதிர் தள்ளுகிற நேரம். இன்னும் ஒரு கிழமை தண்ணீர் காணாவிட்டால் முழுக்கச் சப்பி, மணி பிடிக்காது.

இவர்தான் எங்கள் வாய்க்காலுக்குப் பொறுப்பானவர். போன கூட்டத்தில் எழும்பி, வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ள மேல்மடைக்காரர் களவாய் விதைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மேல்மடைச் சிவலிங்கம் அண்ணை, "காட்டுங்கோ பாப்பம்," என்று ஒரே ஒரு சொல்லுத்தான் கேட்டார். இவர் வாய் சும்மா இருக்குமா? "வாற வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலை காட்டுறன். காட்டாட்டில் உங்கள் எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேட்டு இந்தப் பொறுப்பையும் விடுறன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. ஏனென்றால் காட்ட வழியில்லை. மேல்மடைக் காணிகளின் முன்பக்கம் மட்டும்தான் றோட்டிலிருந்து தெரியும். உள்ளே கால் வைக்க விடமாட்டார்கள். கலியாண வீடுகளுக்கு மேலாலே கமரா பறக்கவிடுகிற பெடியன் ஒருவனைக் கேட்டார். அனுமதி இல்லாமல் விட்டால் தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவன் கும்பிட்டுவிட்டான். கைத்தொலைபேசியில் பார்க்கிற வரைபடமோ எந்த வருசத்துப் படமோ தெரியாது, அதில் எங்கள் வீட்டுக்குப் போட்ட புது மதில்கூட இல்லை.

இந்த நிலைமையில்தான், முன்பே சொல்லிவைத்தபடி கொழும்புக்குப் போனோம். அங்கே வங்கியில் வேலை செய்கிற மகன், என் முழங்கால் நோவைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போவதற்கு ஆளுக்கு முப்பத்திரண்டாயிரம் கொடுத்து விமான ரிக்கற் எடுத்துவிட்டான். "உனக்கென்ன விசரே? பஸ்ஸிலை ஒரு ராத்திரி இருந்தால் விடியக் கிளிநொச்சி," என்று இவர் குதித்தார். மகன் ஆறுதலாகச் சொன்னான்: "அப்பா, அது வன்னிக்கு மேலாலைதான் போகும்." இவர் குதித்த கால் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு விமானத்தைக் கட்டி அனுப்பியது தான்தான் என்பது போல நடக்கத் தொடங்கினார்.

எந்தப் பக்கம் இருப்பது என்று இரண்டு நாள் வீட்டில் வேறு கதை இல்லை. காலையில் வடக்கே போகிற விமானத்தில் வலப்பக்கத்துக்குத்தான் வெயில் அடிக்கும், கண் கூசும், படம் எடுக்க வராது, ஆகவே இடப்பக்கம் இருக்கவேண்டும் என்று மகன் எங்கேயோ வாசித்துவிட்டுச் சொன்னான். இவருக்கு அந்தக் காரணமே தேவைப்படவில்லை. "நாங்கள் ஆர்? இடதுகரைக்காரர். இரணைமடு அணைக்கட்டிலை குளத்துக்கு முதுகைக் காட்டி நிண்டால் தண்ணி வடக்கை போகுது, எங்கடை வயல் இடக்கைப் பக்கம். பிளேனும் வடக்கைதான் போகுது. அப்ப இடப்பக்கம்," என்றார். நாற்பது வருசமாக இடதுகரை, வலதுகரை என்றே கதைத்துப் பழகிய வாய். நானும் அதே தண்ணீரைக் குடித்தவள். சரியென்று பட்டது. அந்த விமானத்தின் சத்தம் எங்கள் தலைக்கு மேலே எத்தனை தரம் கேட்டிருக்கிறது, அது ஊருக்கு எந்தப் பக்கத்தால் போகிறது என்று இருவரில் ஒருவர் ஒருநாள் அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

ஏழரை மணிக்கு ஏறினோம். உள்ளே குனிந்துதான் நடக்கவேண்டும். இடப்பக்கம் ஒற்றைக் கதிரைகள், வலப்பக்கம் இரட்டை. இவர் முன்னுக்கு, நான் ஒரு வரிசை பின்னுக்கு யன்னலோரம். எனக்குப் பக்கத்தில் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றைச் சேர்ந்த றசீது நானா இருந்தார். கருவாட்டு வியாபாரி. வியாபார விசயமாகக் கொழும்பு வந்த இடத்தில், யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் விமானம் ஏறிவிட்டார். ஏற்கெனவே நாலைந்து தரம் இதில் போனவராம்.

"பயப்படாதிங்கோ தங்கச்சி. குலுக்கும். எங்கட ஒட்டுசுட்டான் றோட்டு முந்திக் குலுக்கினதை விடக் குறைவுதான்," என்றார்.

இந்தப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். சிறகு தலைக்கு மேலே இருப்பதால் எந்த இருக்கையிலிருந்தும் நிலம் தெரியும். முன் வரிசையில் இருந்தால் விமானியின் முதுகும் அவருக்கு முன்னால் இருக்கிற மணிக்கூடுகளும் தெரியும், அவற்றைப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது. சில்லுகள் உள்ளே மடிவதில்லை, வழி முழுக்கக் கீழே தொங்கிக்கொண்டு வரும். நான் இருந்த இடத்தில் அந்தச் சில்லு யன்னலின் ஒரு மூலையை மறைத்தது. காது அடைக்கிற சத்தம். பக்கத்தில் இருக்கிறவரோடு கதைப்பதென்றாலும் கத்தவேண்டும்.

கடலுக்கு மேலாகக் கிளம்பி வடக்கே திரும்பியதும் வெயில் நேராக என் முகத்தில் அடித்தது. இவர் நிழலில் குளுகுளுவென்று இருந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் சேலைத் தலைப்பால் யன்னலை மறைத்து, ஓரத்தால் பார்த்தேன். கொழும்புக் கட்டடங்கள், துறைமுகம், பிறகு நீர்கொழும்புக் களப்பு. தென்னந்தோப்புகள் முடிவில்லாமல் வந்தன. அரை மணித்தியாலம் போக, புத்தளம். இவருடைய பக்கம் கடலும் கற்பிட்டித் தீவுகளும் உப்பு வயல்களுமாக நல்ல வடிவாம், பிறகு சொன்னார். அழகுக்கு மட்டும் போகிறவர்கள் தாராளமாக இடப்பக்கம் இருக்கலாம். என் பக்கம் வில்பத்துக் காடு. ஒரு றோட்டு இல்லை, ஒரு கூரை இல்லை.

எட்டரை மணியளவில் காடு கிழிந்து குளங்கள் வரத் தொடங்கின. நிலத்தில் இருக்கும்போது ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு ஊர். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, ஒரே தண்ணீரை மேலிருந்து கீழே கைமாற்றிக் கொடுப்பது போலக் கிடந்தன. பாதிக்கு மேல் வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. றசீது நானா என்னைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"அந்தா நேராக் கிடக்கிற கோடு, அதுதான் ஏ ஒன்பது. அதில கிளை பிரியுதெல்லோ, புளியங்குளம் சந்தி. அதால திரும்பினா நெடுங்கேணி, முள்ளியவளை, எங்கட வீடு. பிள்ளை பிறக்காட்டில் நான் இந்நேரம் அதில பஸ்ஸில நிண்டிருப்பன்."

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. ஏ ஒன்பது என் பக்கம் கிடக்கிறது. அப்படியென்றால் விமானம் அந்த வீதிக்கு வெகு மேற்கே, எங்கள் ஊருக்கும் மேற்கே போகிறது. அப்படிப் போனால் கிளிநொச்சியும் உருத்திரபுரமும் எங்கள் வயலும், இடதுகரை முழுக்கவும், வலப்பக்கம்தான் தெரியும். அட கோதாரி!

இவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தவர் விறைத்துப்போய் நிமிர்ந்தார். அவருடைய பக்கம் மன்னார்ப் பக்கத்துக் காடும் அதற்கப்பால் கடலும். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மாறுவம்! இஞ்சை வாரும்!" என்று பெல்ற்றைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். எழும்பிய வேகத்தில் கூரையில் தலை அடிபட்டது. விமானம் ஒரு தரம் ஆடியது. முன்னால் இருந்த விமானி திரும்பி, மாட்டைத் துரத்துவது போலக் கையை வீசி இருக்கச் சொன்னார். இவர் இருந்தார்.

"நீர் பாரும்! நல்லாப் பாரும்! மேல்மடையைப் பாரும்!" என்று கத்தினார். "படம் எடும்!"

இரணைமடு வந்தது. தூரத்தில் வெளுத்த நீலமாக, கரைகள் உள்வாங்கி, நடுவில் மட்டும் தண்ணீர். அதிலிருந்து வாய்க்கால்கள் அடிமட்டம் வைத்துக் கீறியது போல வந்தன. சுற்றிவர எல்லாம் மண்ணிறம். அதற்குள் பச்சைத் துண்டுகள். குடியேற்றத் திட்டத்தில் அளந்து கொடுத்த காணிகள் ஆனபடியால் எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. நான் எங்கள் வாய்க்காலைப் பிடித்துவிட்டேன். கோயில் கோபுரம், பாடசாலை மைதானம், அதிலிருந்து எண்ணிக்கொண்டு வரலாம்.

அப்போதுதான் வெயில் ஒரு வேலை செய்தது. இவ்வளவு நேரமும் நான் திட்டிக்கொண்டு வந்த அதே வெயில். தண்ணீர் நிற்கிற வயலில் பட்டு, பயிருக்கு ஊடாக, பளிச்சென்று திருப்பி அடித்தது. விமானம் போகப் போக அந்த வெளிச்சமும் கூடவே ஓடிவந்தது. ஒரு வயல் மினுங்கி அணையும், அடுத்தது மினுங்கும். தண்ணீர் இல்லாத நிலத்துக்கு வந்தால் செத்துவிடும். எந்தக் காணியில் தண்ணீர் நிற்கிறது, எதில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கைத்தொலைபேசியில் ஏழெட்டுப் படம் எடுத்தேன். இறங்கிய பிறகு பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வெள்ளை வெளிச்சம். ஆகவே நான் சொல்வது என் கண்ணால் கண்டது மட்டும்தான்.

மேல்மடையில் ஒவ்வொரு காணியிலும் முன்னுக்கு ஒரு துண்டு மினுங்கியது. மிச்சம் இரண்டு பங்கும் காய்ந்த தரை. சிவலிங்கம் அண்ணையின் காணியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூட்டத்தில் சொன்ன அளவுக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை. அடுத்த காணியும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும் அப்படித்தான்.

பிறகு ஒரு நீலத் தகரக் கூரை. அதற்கு முன்னால் ஒரு ஏக்கர் மினுங்கியது. வீடு, மாட்டுப்பட்டி, தேக்கு வரிசை எல்லாம் இருட்டாகக் கடந்தன. தேக்குக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் கண்ணாடி போலப் பளீரென்று அடித்தது.

அதற்குக் கீழே எங்கள் வயல். மினுங்கவில்லை. வெளிறிப்போய்க் கிடந்தது.

அந்த நீலத் தகரம் என் தம்பி கண்ணனுடைய வீடு. அப்பாவுக்கு ஆறு ஏக்கர். எனக்குச் சீதனமாக மூன்று, அவனுக்கு மூன்று. அவனுடையதைக் கடந்துதான் என்னுடையதுக்குத் தண்ணீர் வரவேண்டும். பின்காணியில் பயறு போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். பயற்றுக்குத் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். தேக்குக்கு ஊடாக எட்டிப் பார்த்தால் பச்சை தெரியும்தான், பயற்றின் பச்சை என்று நினைத்தோம். தம்பியின் வளவுக்குப் பின்னால் போய் யார் சோதிப்பது? பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, "மேல்மடைக்காரர்தான் அத்தான், வேறை ஆர்?" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். தொண்ணூற்றாறில் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஓடினபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. உடையார்கட்டு வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான்.

"அந்த ஒரு காணி மட்டும் நல்ல செழிப்பாக் கிடக்கு தங்கச்சி," என்றார் றசீது நானா. "ஆரோ நல்ல கமக்காரன்."

எனக்கு வாயில் நல்ல பதில் இருந்தது. பிள்ளை பார்க்கப் போகிற மனுசனுக்கு ஏன் என்று விட்டுவிட்டேன்.

"என்ன தெரியுது?" என்று இவர் கத்தினார். "மேல்மடை எப்படி?"

"மேல்மடையிலை ஒண்டும் இல்லை!"

"என்ன?"

"ஒண்டும் இல்லை எண்டுறன்! எல்லாரும் சொன்ன அளவுதான்!"

"அப்ப தண்ணி எங்கை போகுது?"

இவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒன்பதாயிரம் அடி உயரத்தில், இன்னும் பத்துப் பேருக்கு முன்னால், என் தம்பியின் பெயரைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இறங்கினாப்பிறகு சொல்லுறன்," என்றேன். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. ஆனையிறவுக் களப்பு வந்தது, தென்னையும் பனையும் வந்தன, ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னதாகப் பலாலியில் சில்லு நிலத்தில் முட்டியது. றசீது நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினார்.

விமானம் எங்கள் வீட்டைத் தாண்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டது. இப்போது அதே தூரம் நிலத்தால் திரும்பிப் போகவேண்டும். பலாலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிளிநொச்சிக்கு அறுபத்தைந்து கிலோமீற்றர் இன்னொரு பஸ். மகன் முழங்காலுக்காகச் செலவழித்த காசு இந்த இரண்டாவது பஸ்ஸின் படியில் ஏறும்போதே வீணாகிவிட்டது. இந்தமுறை இவர் யன்னல் கேட்கவில்லை. என்னை ஓரத்தில் இருத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஆனையிறவு தாண்டும்போது சொன்னேன். நீலத் தகரம், தேக்கு, பின்காணி, வெளிச்சம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

பரந்தன் வரும்வரை இவர் முன் இருக்கைக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "உமக்கு வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நான் பிறந்த காணி எனக்குத் தெரியாதோ?"

"சரி. வெள்ளிக்கிழமை நான் எழும்பி மன்னிப்புக் கேக்கிறன். பொறுப்பையும் விடுறன். அவன்ரை பேரைச் சொல்லமாட்டன்."

"ஏன் சொல்லமாட்டியள்?"

"உம்மடை தம்பியெல்லோ."

எனக்கு அந்த நேரம் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரில் என்று கேட்டால் இரண்டு பேரிலும். ஒருவன் என் தண்ணீரை எடுத்தான், மற்றவர் என்னைக் கேட்காமலே அதை எனக்காக மன்னிக்கிறார். "காணி என்ரை பேரிலை கிடக்கு. சீதனமாத் தந்தது எனக்கு. மறிச்சதும் என்ரை தம்பி. இதுக்குள்ளை நீங்கள் ஆர் மறைக்க?" என்றேன். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இவர் "மெல்லக் கதையும்" என்றார். நான் மெல்லக் கதைக்கவில்லை.

உருத்திரபுரத்துக்கு ஓட்டோவில் போய்ச் சேர மத்தியானம். படலையில் கண்ணன் நின்றான். நாங்கள் இல்லாத நாட்களில் மாட்டுக்கும் கோழிக்கும் தீனி வைத்தவன் அவன். அவன் பெண்சாதி சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"என்ன அக்கா, மேலாலை பாத்தால் எங்கடை ஊர் எப்பிடி?"

"உன்ரை பயறு மினுங்குதடா கண்ணன்."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தான். இவர் மாட்டைப் பார்க்கிறவர் போலப் பட்டிப் பக்கம் போய்விட்டார்.

"அக்கா..." என்றான். பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னான்: "அத்தான்தானே எத்தினை வருசமாச் சொல்லுறார், மேல்மடைக்காரர் களவாய் எடுக்கினம் எண்டு. அவங்கள் எடுக்கேக்கை நான் மட்டும் ஏன் விசரன் மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கவேணும் எண்டு நினைச்சன்."

"அவங்கள் எடுக்கேல்லை. நான் கண்டனான். நீ எடுத்தது அவங்கடை தண்ணியும் இல்லை, என்ரை தண்ணி."

"வரம்புக்குக் கீழாலை குழாய் போட்டனான். இண்டைக்கே அடைச்சுவிடுறன்."

"அடை. வெள்ளிக்கிழமை நீயாய் எழும்பிச் சொல்லு."

"ஓம் அக்கா," என்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவனே குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனான். பசி இருந்தது, தின்றோம். நல்ல குழம்பு. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

புதன்கிழமை விடியற்காலையில் எங்கள் வயலில் கரண்டைக்காலளவு தண்ணீர் நின்றது. இவர் வரம்பில் இருந்துகொண்டு அதைப் பார்த்தபடி பல் விளக்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சேட்டுப் போட்டுக்கொண்டு, "தண்ணிதான் வந்திட்டுதே. பயிரும் தப்பியிட்டுது. விடுமன்," என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே தம்பி. ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிற்க எங்களுக்கு வேறு யாரும் இல்லை. நானும் சேலையைக் கட்டிக்கொண்டு அவருடன் போனேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். பெண்கள் ஒரு பக்கமாக, பின்னுக்கு. இந்தக் கூட்டங்களுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் நான் வந்திருக்கிறேன், ஒருநாளும் கதைத்ததில்லை. கண்ணன் கதவோரமாகக் கடைசிக் கதிரையில் இருந்தான்.

இவர் எழும்பினார். "நான் போன கூட்டத்திலை சொன்னது பிழை. மேல்மடையார் ஆரும் களவாய் விதைக்கேல்லை. சிவலிங்கத்திட்டையும் எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். பொறுப்பை விடுறன்," என்றார். கை சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. இருந்தார். யாரோ ஒருவர் பின்னுக்கு இருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

சிவலிங்கம் அண்ணை சிரிக்கவில்லை. "சரி நடராசா அண்ணை, அதை விடுங்கோ," என்றார். "அப்ப உங்கடை தண்ணி எங்கைதான் போனது?"

இவர் மறுபடி பொத்தானைத் திருகினார். நான் கதவோரம் திரும்பிப் பார்த்தேன். கண்ணன் தலையைக் குனிந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியும். பொறுத்துப் பார்த்தேன். மண்டபம் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்தது. அவன் எழும்பவில்லை.

நான் எழும்பினேன்.